தையல் தெரியாத பை

என் மேஜைக்கு வாரத்துக்கு நாலைந்து கடிதமாவது வரும். பாதிக் கடிதங்கள் வாசனைத் தாளில் இருக்கும். எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: நான் ஆசைப்பட்டு வைத்திருந்த அந்தப் பையை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

நியாயமான கேள்வி. பதினாறு வருடமாக அதற்குப் பதில் எழுதுவது என் வேலையில் ஒரு பங்கு. எந்தப் பையை நிறுத்துவது என்று முடிவு செய்வது மீதிப் பங்கு. "கழுத்தை நெரிக்கறதும் நீங்கதான், துக்கம் விசாரிக்கறதும் நீங்கதான்" என்று என் மச்சினி கிண்டல் செய்வாள். மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. இந்த விசாரணையில் அவளைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும் மேடம். வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தட்டச்சு செய்கிற அந்த அம்மாவுக்கும் கை வலிக்காது.

விற்காத பையைத்தான் நிறுத்துவோம் என்று வெளியே நினைக்கிறார்கள். விற்காத பையை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, அது தானாகவே நின்றுவிடும். நாங்கள் நிறுத்துவது நன்றாக விற்கிற பையை. எங்கள் கடைக் கண்ணாடிக்குள் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும்வரைதான் ஒரு பைக்கு மரியாதை. பல் டாக்டரின் வரவேற்பறையில் இரண்டு பேர் மடியில் அதே பை இருந்தால் அதன் கதை முடிந்தது. வேறு காரணங்களும் உண்டு. எங்களுக்கு ஒரு சிவப்புத் தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவர் தொழிலை மருமகனிடம் ஒப்படைத்தார். மருமகனுக்கு அந்தச் சிவப்பு வரவில்லை. அதோடு மூன்று மாடல் போனது. ஒரு சமயம் சின்னப் பை ஒன்று, அதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள பெரிய பையை விடாமல் முந்திக்கொண்டிருந்தது. சின்னதை நிறுத்தினோம்.

இதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது. அதற்காக ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன்: 'ஒவ்வொரு அழகுக்கும் ஓர் ஓய்வு தேவைப்படுகிறது.' பதினாறு வருடம் ஓடிய வாக்கியம். அதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

இப்போது பிறைக்கு வருகிறேன்.

பிறை என்பது ஐந்து வருடத்துக்கு முன் நாங்கள் கொண்டுவந்த பை. அரை வட்டமாக இருக்கும். பதினோரு துண்டுத் தோல், ஆனால் எங்கே தேடினாலும் ஒரு தையல் கண்ணில் படாது. வடிவமைத்தவரின் பிடிவாதம் அது. நூலே கூடாது என்றார். நூல் கூடாது என்றால் பசைதான். எங்கள் பட்டறையின் மூன்றாம் மாடியில், கிழக்குப் பக்க அறையில் பதினான்கு பேர் உட்கார்ந்து, தோல் ஓரத்தை மயிரிழையாகச் சீவி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவார்கள். ஈரப் பசையில் ஒரு தூசு விழுந்தால் அந்தப் பை போய்விடும். ஆகவே ஜன்னல்கள் மூடியே இருக்கும்.

முதல் இரண்டு வருடம் ஒரு பசை உபயோகித்தோம். காய ஒரு முழு நாள் ஆகும். காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் வேறு பசைக்கு மாறினோம். இது நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிடும். மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான். பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி லேசாக ஒரு வாசனை வரும், அவ்வளவுதான். அது பிடித்திருக்கிறது என்றுகூட அந்த அறையில் ஒருவர் சொன்னார்.

என் மச்சினி பட்டறைக்கு வருவதற்கு முன்பு ஒரு துணிக்கடையில் பேன்ட் நீளம் குறைக்கிற வேலையில் இருந்தாள். முப்பத்தி நாலு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்தாள். எங்கே போனாலும் சைக்கிள்தான். மனைவி நச்சரித்ததால் நான்தான் அவளைப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். ஆறே மாதத்தில் அந்த அறையின் முதல் கை அவளுடையது. மற்றவர்கள் தடவிய பசையில் தூரிகை போன தடம் தெரியும். அவள் தடவினால் தண்ணீர் நின்ற மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட வருவாள். தான் ஒட்டுகிற பையைத் தன்னால் ஒருநாளும் வாங்க முடியாது என்பது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை. "அந்தப் பைய மாட்டிக்கிட்டு பஸ்ல ஏறினா, இந்தம்மா எதுக்கு பஸ்ல வருதுன்னு கண்டக்டரே எறக்கி விட்ருவாரு மாமா" என்பாள். சிரிக்கவைக்கத் தெரிந்தவள்.

ஒரு ஞாயிறு அவள் படியேறி வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொண்ணு எங்கடி?" என்றாள் மனைவி.

மச்சினி குனிந்து பார்த்தாள். "அட, எப்ப கழண்டுச்சு?"

தேடிக்கொண்டு போனோம். தெருக்கோடியில் தபால் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அங்கிருந்து எங்கள் வாசல்வரை ஜல்லி பெயர்ந்த தெருவில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள், தெரியவில்லை. பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் வந்திருந்தது. அதுவும் தெரியவில்லை. "யாரையோ நெனச்சுக்கிட்டே வந்திருக்கா" என்று மனைவி சொல்ல, மூவரும் சிரித்தோம். அன்று நான் சிரித்தது நிஜமான சிரிப்பு. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

தெரிந்தது பதினோரு நாள் கழித்து. பட்டறைக்கு வாரம் இரண்டு முறை வந்து போகிற டாக்டர் எனக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். ஒட்டுகிற அறையில் ஐந்து பேருக்குப் பாதம் மரத்துப் போகிறது, அவர்களில் இரண்டு பேருக்கு முழங்கால் மடங்கிக்கொள்கிறது, காரணம் புதிய பசையின் ஆவி. ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது பசையை மாற்ற வேண்டும், அல்லது வேலையை நிறுத்த வேண்டும். இப்படியே தொடர்ந்தால் முதலில் கால், பிறகு கை, போனது திரும்பி வருமா என்று சொல்ல முடியாது. நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு நோய் முற்றிக்கொண்டுதான் போகும், ஆகையால் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். ஐந்து பேரின் பெயர்கள் கீழே இருந்தன. நாலாவது பெயர் மச்சினியுடையது.

மூன்று முறை படித்தேன். நான் அதைக் கிழிக்கவில்லை மேடம். கிழித்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் தவறு. கோப்பில்தான் வைத்தேன். வாடிக்கையாளர் கடிதங்கள் இருக்கிற கோப்பில்.

மறுநாள் காலை டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். பிறையை நிறுத்திவிடலாம் என்றேன். அதுவரை எங்கள் சரித்திரத்திலேயே அதிகம் விற்ற பை. வேறு யாராக இருந்தாலும் அதைச் சொல்லத் தயங்கியிருப்பார்கள். அந்தப் பதினான்கு பேருக்காக நான் சொன்னேன்.

"ஏன்?" என்றார்.

"ரொம்பப் பேர் கையில பாக்குறேன் சார்."

அது பொய்யில்லை. அந்த வாரம்தான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பசையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிறை வெறுமனே நின்றிருக்காது, அசிங்கப்பட்டு நின்றிருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அத்தனை பேரும் பையை முகர்ந்து பார்த்திருப்பார்கள். ஒரு பைக்கு நல்ல சாவு வேண்டும். அது என் தொழில்.

டைரக்டர் யோசித்தார். "சரி, கடைசிப் பதிப்பு எவ்வளவு போடலாம்?"

இதை விளக்க வேண்டும். ஒரு மாடலை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தால் அந்த மாடலுக்கு அடிதடி நடக்கும். அதற்காகவே கடைசியாக ஒரு தொகுதி செய்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து விற்போம். அது இல்லாமல் யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

"ஆயிரத்து இருநூறு. பதினோரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றேன்.

எண்ணைச் சொன்னது நான்தான். வாரக் கணக்கைச் சொன்னதும் நான்தான். பழைய பசைக்குத் திரும்பியிருந்தால் எட்டு மாதம் ஆகியிருக்கும். எட்டு மாதம் எந்த வாடிக்கையாளரும் துக்கத்தில் இருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை நடந்தது. கடைசிப் பதிப்பில் ஒரு பொட்டு தூசு இருக்கக்கூடாது என்பதால் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டச் சொன்னேன். சூப்பர்வைசர் ஒட்டினார். அவர் நல்ல மனிதர், இருபத்தி இரண்டு வருடம் அங்கே இருக்கிறார். ஒட்டி முடித்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"டாக்டர் எனக்கும் ஒரு நகல் குடுத்தாரு சார்."

"தெரியும். அதனாலதான் மாடலையே நிறுத்துறோம்."

"நிறுத்தறதுக்கு முன்னாடி ஆயிரத்து இருநூறு இருக்கே சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க மச்சினியவாச்சும் கீழ பேக்கிங்குக்கு மாத்திடட்டுமா? காதும் காதும் வச்ச மாதிரி செஞ்சிடறேன்."

மேடம், என் பதினாறு வருட வேலையில் சொந்தக்காரர் என்று யாருக்கும் ஒரு சலுகை காட்டியதில்லை. அவளை மட்டும் மாற்றினால், ஏன் அவளை மட்டும் என்று மற்ற பதின்மூன்று பேரும் கேட்பார்கள். கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டிவரும். அது மட்டுமில்லை, ஒரு நாளைக்கு மற்றவர்கள் ஒன்றரைப் பை முடித்தால் அவள் இரண்டு முடிப்பாள். "எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்" என்றேன். சூப்பர்வைசர் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம் மச்சினி சைக்கிளை விட்டுவிட்டாள். பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லையாம். ஞாயிறு அன்று மனைவி அடுப்படியில் இருந்தபோது என்னிடம் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா? அந்தப் பசையில ஏதாச்சும் இருக்கா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பக்கத்துல உக்கார்ற அக்காவுக்கும் இப்படித்தான் இருக்கு. அதான்."

"நாள் முழுக்க சம்மணம் போட்டு உக்காந்தா யாருக்குமே கால் மரத்துப் போகும். நீ ஒழுங்கா சாப்பிடறதும் இல்ல."

உடனே நம்பிவிட்டாள். நான் சொன்னால் நம்புவாள். அன்று மாலையே கடைக்குப் போய் அவளுக்கு விட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மலிவானது இல்லை, நல்ல கம்பெனி. மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு. அந்த அறையில் வேறு யாருக்கும் அப்படி யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. சலுகை காட்டவில்லை என்று முன்னால் சொன்னேன், இதை நீங்கள் வேண்டுமானால் சலுகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கடைசிப் பைக்குள்ளும் ஓர் அட்டை வைப்பது வழக்கம். அதில் வருகிற வாசகத்தை நான்தான் எழுதுவேன். பிறைக்கு எழுதியது இது: 'இதை உருவாக்கிய கைகள் இன்னொன்றை இனி உருவாக்கப்போவதில்லை.' டைரக்டர் படித்துவிட்டு உடம்பு சிலிர்க்கிறது என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்து இருநூறாவது பையை மச்சினிதான் ஒட்டினாள். தானே ஒட்ட வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். விளம்பரத்துக்காகப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். மச்சினி எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. "உக்காந்தே இருங்க, கையில மட்டும் வெளிச்சம் விழட்டும்" என்றார் அவர். கை நடுங்கியது. ஆட்டாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில் சூப்பர்வைசர் தரையில் மண்டியிட்டு, படத்துக்குள் வராமல், அவள் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். படம் மிக நன்றாக வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், விமான நிலையத்தில் ஆள் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கையின் கீழே இன்னொரு கை இருப்பது யாருக்கும் தெரியாது.

பைகள் ஒன்பது நாளில் தீர்ந்தன. எனக்குப் பெரிய அறை கொடுத்தார்கள், ஜன்னல் உள்ளது.

சொன்ன சொல் தவறாமல் பிறையை நிறுத்தினேன். ஆனால் டாக்டர் எழுதியபடியே நோய் நிற்கவில்லை. அடுத்த நாலு மாதத்தில் ஆறு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்தார்கள். மச்சினியின் பக்கத்தில் உட்கார்கிற அந்த அக்கா தன் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து இறந்தார். உங்கள் பதிவேட்டில் அது விபத்து என்று இருக்கும். அதை இப்போது மாற்றிக்கொள்ளலாம்.

மச்சினிக்குக் கால் இரண்டும் போய், கையும் தொடங்கியது. ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு அழைத்து வந்தோம். நான் மறுப்பே சொல்லவில்லை. என் புத்தக அலமாரியைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டு இடம் கொடுத்தேன். மனைவிக்குக் கடைசிப் பதிப்பில் ஒரு பை கொடுத்திருந்தேன், இருநூற்றுப் பதினெட்டாம் எண். தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது மாத்திரைகளையும் மாற்றுத் துணியையும் ரப்பர் விரிப்பையும் அதில்தான் திணித்து எடுத்துப் போவாள். அந்தப் பை அதற்காகச் செய்யப்பட்டது அல்ல என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நோயாளியை விட்டுவிட்டுப் பையைப் பார்ப்பார்களாம்.

சூப்பர்வைசர் ஒரு சனிக்கிழமை மச்சினியைப் பார்க்க வந்தார். நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டாக்டர் கடிதத்தின் நகல் இருந்தது.

"இது உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"கடைசிப் பதிப்பு ஆரம்பிக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட உடனே சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள்.

"அவ உங்ககிட்ட கேட்டாளாமே. பசையில ஏதாச்சும் இருக்கான்னு."

"கேட்டா."

"விட்டமின் மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க."

"ஆமா."

"அதுல ரெண்டு டப்பா இன்னும் பிரிக்காம இருக்கு. வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. உங்களிடம் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். கோபத்தில் செய்திருக்கிறாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறையை நிறுத்தியது யார் என்று நீங்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். டாக்டர் வெறுமனே எழுதினார். சூப்பர்வைசர் நகலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து போய் நிறுத்தச் சொன்னவன் நான் ஒருவன்தான். இதை எங்கும் யாரும் குறிப்பிடவில்லை.

நீங்கள் நகர்த்தி வைக்கிற அந்தத் தாளையும் பார்த்துவிட்டேன். 'பசையின் ஆபத்தை முன்கூட்டியே விளக்கினார்கள், அப்படியும் நானே விரும்பித்தான் அந்த அறையில் வேலை செய்தேன்' என்று அதில் இருக்கிறது. கம்பெனி வக்கீல் பதினான்கு பேருக்கும் தயார் செய்தது. இறந்தவர் சார்பாக அவர் மகன் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களிடம் வக்கீலே நேரில் போய்ப் பேசினார். மச்சினி என் வீட்டில் இருப்பதால் அவளுடையதை என்னிடம் கொடுத்தார். உங்களிடம் பெருவிரல் ரேகையோடு இருப்பது அதுதான். படித்துக்காட்டினேனா, அவளாகவே வைத்தாளா என்று கேட்கிறீர்கள்.

மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி இருக்கும். ஆபீஸிலிருந்து மை அட்டையைக் கொண்டுவந்திருந்தேன். மச்சினியின் இடது கை போர்வைக்கு வெளியே இருந்தது. விரலை மையில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினேன். முதலில் சரியாகப் பதியவில்லை, இரண்டாவது முறை நன்றாக விழுந்தது. பிறகு ஈரத் துணியால் நகக்கண் வரை துடைத்துவிட்டேன். விரலில் உணர்ச்சி போய் இரண்டு மாதம் ஆகியிருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் கொஞ்சம் அயர்ந்து தூங்கினாள். பாவம், தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான் எழுப்பவில்லை.